ஊர் மாறியவர்களின் தட்டு

வியாசர்பாடியில் ஏதாவது ஒரு தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொந்த ஊர் எது என்று விசாரித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ரங்கூன் என்பார்கள். தாத்தா அங்கே அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். பக்கத்து வீட்டில் வந்தவாசி என்றோ செய்யாறு என்றோ சொல்வார்கள்; அப்பா பின்னி மில் வேலைக்கு வந்து, 1996-இல் மில் மூடியதும் ஆட்டோ ஓட்டியவர். மாடியில் ஒரே அறையில் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு ஊர் பீகாரிலோ ஒடிசாவிலோ இருக்கும், வேலை மணலியிலோ எண்ணூரிலோ இருக்கும். பிறந்த ஊரில் உடம்பு பழகிய சாப்பாடு ஒன்று, இங்கே கைக்கு எட்டுகிற சாப்பாடு இன்னொன்று என்பது இந்த மூன்று வீட்டுக்கும் பொது. அந்த இடைவெளியில் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் நுழைகின்றன. அதை எப்படிக் கண்டுகொள்வது, இருக்கிற காசுக்குள் எப்படிச் சரிசெய்வது என்று இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

"சாப்பாட்டுல ஒண்ணும் மாத்தலையே. எங்கம்மா செஞ்ச அதே சோறு, அதே கொழம்புதான்" என்று சுகர் வந்தவர்கள் பலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மை. குழம்பு அதேதான். குழம்பைச் சுற்றி இருந்தவை காணாமல் போய்விட்டன.

எது தங்கும், எது போகும்

ஊர் மாறுகிறவர்கள் முக்கியமான பண்டங்களை விடுவதில்லை. சோறு தங்கும், கறிக்குழம்பு தங்கும், திருவிழாப் பலகாரமும் தங்கும். ஊரில் வருஷத்துக்கு இரண்டு முறை சுட்ட பலகாரம் இங்கே தெருமுனையில் தினமும் கிடைக்கும். முதலில் போவது ஊரில் காசு கொடுக்காமல் கிடைத்தவை: வரப்பில் பறித்த கீரை, வேலி முருங்கை, ஏரியில் பிடித்த கெளுத்தி, கொல்லையில் காய்த்த பூசணி, வீட்டு மாட்டு மோர். இவற்றைச் சாப்பாடு என்று யாரும் கணக்கில் வைத்ததில்லை. அதனால் போனதும் தெரிவதில்லை. அந்த இடத்தை இன்னும் இரண்டு கரண்டி சோறும், சர்க்கரை போட்ட நாலு டீயும், சாயங்காலத்து பஜ்ஜியும் நிரப்பிவிடுகின்றன. உழைப்பும் மாறுகிறது. நாற்று நட்ட உடம்பு ஆட்டோ சீட்டில் உட்கார்கிறது, வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை. லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களின் தொழிற்சாலைகளில், கிராமத்திலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்தவர்களைக் கிராமத்திலேயே தங்கிவிட்ட அவர்களுடைய உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2010-இல் வெளிவந்தன. ஆண்களில், கிராமத்தில் இருந்தவர்களில் 6.2 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. நகரத்துக்கு வந்தவர்களில் 14.3 சதவீதம். நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களில் 13.5 சதவீதம். உடல் பருமனும் கிராமத்தில் 19 சதவீதமாகவும் வந்தவர்களிடம் 37.8 சதவீதமாகவும் இருந்தது. அண்ணன் ஊரில், தம்பி நகரத்தில்; ஒரே தாய் தகப்பன், ஒரே வம்சம். "எங்க குடும்பத்துலயே இருக்குங்க, வராம எங்க போகும்" என்று கைவிட்டுவிடுகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். வம்சம் ஒன்றாக இருந்தும் இடம் மாறியவருக்கு இரண்டு மடங்குக்கு மேல் வந்திருக்கிறது.

ஆகவே முதல் வேலை மருத்துவரைப் பார்ப்பதற்கும் முந்தியது. ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். வீட்டில் ஊரிலேயே வளர்ந்த பெரியவர் இருந்தால், சாதாரண நாளில் (பொங்கலும் தீபாவளியும் வேண்டாம்) காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிட்டார் என்று கேட்டு இடது பக்கம் எழுதுங்கள். மென்றது, குடித்தது, வேலைக்கு நடுவே பறித்துத் தின்றது எல்லாம் வரட்டும். நேற்று உங்கள் வீட்டில் சாப்பிட்டதை வலது பக்கம் எழுதுங்கள், டீக்கடை வடையை விட்டுவிடாமல். இரண்டிலும் இருப்பதை அடித்துவிடுங்கள். இடது பக்கம் மிஞ்சியதை நீங்கள் இழந்திருக்கிறீர்கள், வலது பக்கம் மிஞ்சியது இங்கே வந்து சேர்ந்தது. பெரும்பாலான வீடுகளில் இடது பக்கம் கீரை, காய், பயறு, சிறுமீன், மோர் என்று நீளும். வலது பக்கம் எண்ணெய், சர்க்கரை, மைதா என்று நிற்கும். இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். இனி வருகிற யோசனைகளை உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ள இது உதவும்.

கீரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஊர்ப் பழக்கத்தில் கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத்திலும் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்திலும் முளைத்திருப்பதைப் பறித்து வருகிறவர்கள் உண்டு. வேண்டாம். அங்கே ஓடுவது சாக்கடையும் கழிவும். கழுவினால் மண் போகும், கீரை உறிஞ்சிய நஞ்சு போகாது. வீட்டிலேயே வளர்க்கலாம். மொட்டைமாடியில் பழைய பெயின்ட் டப்பாவை நன்றாகச் சுரண்டிக் கழுவி நட்டாலும் பெயின்ட் வாடை விடாது. எண்ணெய் டின்னோ அரிசிச் சாக்கோ மேல். வெந்தயத்தைத் தூவினால் மூன்று வாரத்தில் கீரை. பொன்னாங்கண்ணித் தண்டை ஒடித்து நட்டாலே துளிர்க்கும்.

பர்மாவிலிருந்து வந்த தட்டு

1962 மார்ச்சில் ஜெனரல் நீ வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் ஆலைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தலைமுறைகளாக அங்கே உழைத்த தமிழர்கள் சேர்த்த பணத்தையும் நகையையும் விட்டுவிட்டு, அனுமதித்த சொற்பத்தோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் லட்சத்துக்கும் மேல். வியாசர்பாடி அவர்கள் குடியேறிய முக்கிய இடங்களில் ஒன்று. 1969-இல் பாரிமுனைப் பக்கம் பர்மா பஜார் உருவானது. அதை ஒட்டியும் இங்கே குடியிருப்புகளிலும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டிகள் வந்தன. கையில் முதல் இல்லாத பெண்களுக்கும் ஆண்களுக்கும் அந்த வண்டி சோறு போட்டது.

பர்மாவில் காலைச் சாப்பாடு மொய்ங்கா. கெளுத்தி மீனை வேகவைத்து முள்ளெடுத்து, எலுமிச்சைப்புல், இஞ்சி, பூண்டு, வாழைத்தண்டு சேர்த்துக் கொதிக்கவிட்டு, வறுத்த மாவு கரைத்துக் கெட்டியாக்கி, அரிசிச் சேவை மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். மீன், தண்டு, அரிசி எல்லாம் ஒரே கிண்ணத்தில். இங்கே வண்டிக்கு வந்தபோது பல இடங்களில் மீன் கழன்றுகொண்டது. வாழைத்தண்டு மட்டும் சூப்பாகத் தங்கியது. அரிசிச் சேவை இருந்த இடத்தில் ஆரஞ்சு நிற மைதா நூடுல்ஸ் முதலிடம் பிடித்தது. முன்பு சொன்னது போலத்தான்: பெயரும் ருசியும் தங்கின, சத்துள்ள பகுதி கழன்றது.

வண்டி முன்னால் நின்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். கிண்ணத்தில் ஒரு கைப்பிடி நூடுல்ஸ் விழும். அதன்மேல் மெல்லிசாகச் சீவிய முட்டைகோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், ஒரு கரண்டி பூண்டு எண்ணெய், வறுத்த மிளகாய்த்தூள், உப்பு, புளித்தண்ணீர். பேஜோ என்ற பொரித்த தட்டையை உள்ளங்கையில் வைத்து நொறுக்கிப் போடுவார்கள். கொத்தமல்லி, எலுமிச்சை. பிறகு விரல்களால் புரட்டிப் புரட்டிப் பிசைந்து தட்டில் தள்ளுவார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் சூடான தண்டு சூப். பிளந்த அவித்த முட்டைக்குள் பொரித்த வெங்காயத்தையும் புளியையும் திணித்துத் தருவதும் உண்டு.

சர்க்கரை வந்தவர் அத்தோவை விட்டுவிட வேண்டும் என்று எழுத எனக்கு மனம் வராது. நாடு இழந்து வந்தவர்கள் உயிரோடு கொண்டுவந்த ருசி அது. அதை வில்லனாக்கும் மருத்துவக் குறிப்பை அந்தக் குடும்பத்தார் கேட்கவும் மாட்டார்கள். எதிரே கையால் பிசைகிற உணவு என்பது பெரிய வசதி; நீங்கள் சொன்னபடி பிசைந்து தருவார்கள். "அண்ணே, நூடுல்ஸ் பாதி, கோஸ் ரெண்டு மடங்கு, எண்ணெய் அரைக் கரண்டி" என்று கேளுங்கள். பேஜோ ஒன்றுக்குப் பாதி போதும். அது பொரித்தது, எண்ணெய் எத்தனையாவது முறை காய்ந்தது என்று நமக்குத் தெரியாது. முட்டை இரண்டு வாங்கலாம். உப்பும் அஜினோமோட்டோவும் குறைக்கச் சொல்லலாம். புளியும் எலுமிச்சையும் அந்தக் குறையை மறைத்துவிடும். சூப்பை முதலில் குடித்து, தண்டை மென்று, பிறகு அத்தோவுக்குக் கை வையுங்கள். பாதி வயிறு ஏற்கெனவே நிறைந்திருக்கும். இதுவே ராத்திரிச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ள வேண்டும். அத்தோவும் தின்று வீட்டில் சோறும் தின்றால் சொன்னது எல்லாம் வீண்.

கழன்றுபோன மீனை வீட்டில் திரும்பச் சேர்க்கலாம். காசிமேட்டில் மத்தி மலிவாகக் கிடைக்கும் காலத்தில் அரைக் கிலோ வாங்கி, மஞ்சள் போட்டு வேகவைத்து, முள்ளைப் பொறுமையாக எடுத்துவிடுங்கள். வாழைத்தண்டு ஒரு முழம், வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகு, வறுத்த பொட்டுக்கடலை மாவு இரண்டு கரண்டி. மீனோடு கொதிக்கவிட்டு இடியாப்பத்தின் மேல் ஊற்றினால் நாலு பேருக்கு மொய்ங்கா. எலுமிச்சைப்புல் ஒரு தொட்டியில் வளரும். ஒரு குச்சி யாரிடமாவது வாங்கி நட்டால் போதும்.

களியும் ரேஷன் சோறும்

வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்தும் மில்லுக்கும் துறைமுகத்துக்கும் வந்தவர்களின் கதை வேறு. அவர்கள் தட்டில் கேழ்வரகுக் களி போய் வெள்ளைச் சோறு வந்தது. ரேஷன் அரிசியைக் குறைசொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். 2011 ஜூனிலிருந்து இலவசமாக வரும் அந்த அரிசி வடசென்னையில் எத்தனையோ வீடுகளில் பட்டினியை வாசலோடு நிறுத்தியிருக்கிறது. மூட்டை தூக்குகிறவர் மூன்று வேளையும் சோறு சாப்பிட்டபோது உடம்பு அதைச் செலவழித்தது. இன்று அவர் மகன் பைக்கில் பார்சல் கொண்டுபோகிறான். சோற்றின் அளவு மட்டும் அப்பா காலத்து அளவு.

தட்டைத் திருத்தச் சுலபமான வழி, சோறு கடைசியில் விழுவது. முதலில் காயோ கீரையோ கூட்டோ பாதித் தட்டு. கால் தட்டு பருப்பு, முட்டை, மீன், கொண்டைக்கடலை, கறி, இவற்றில் எது அன்று முடிகிறதோ அது. மிச்சக் கால் தட்டில் சோறு. பீன்ஸும் கேரட்டும் விலை ஏறினால் சுரைக்காய், பூசணி, முள்ளங்கி, வாழைத்தண்டு பக்கம் போங்கள்; பாதித் தட்டை அவையும் நிரப்பும். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய் என்று அச்சடித்த தாளை நீட்டும் ஆலோசனைகள் இந்தத் தெருவுக்குச் செல்லுபடியாகாது, அவற்றுக்காகக் கடன்பட வேண்டாம்.

கேழ்வரகுக்குத் திரும்புவது நல்லது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் அதன் சிறு பங்குகூடக் கிடையாது. ஆனால் கேழ்வரகு சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை தவறு. நைசாக அரைத்துக் காய்ச்சிய கூழ் வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். ஒரு சொம்பு கூழைக் கடகடவென்று குடிக்காமல், ஒரு டம்ளர் மோர் கலந்த கூழ், கூடவே சின்ன வெங்காயம், ஒரு கிண்ணம் சுண்டலோ கீரையோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கூழ் வண்டியில் தொட்டுக்கொள்ளத் தரும் வறுத்த மிளகாயிலும் கருவாட்டிலும் உப்பு அதிகம்.

உப்பையும் எண்ணெயையும் கரண்டியால் அளந்து யாராலும் சமைக்க முடியாது. மாதக் கணக்குப் போடுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பாக்கெட் உடைத்த தேதியை அதன்மேலேயே பேனாவால் எழுதுங்கள். இருபத்தைந்து நாளில் தீர்ந்தால் இரண்டு மடங்கு சாப்பிடுகிறீர்கள், ஊறுகாயும் கருவாடும் கடைச் சாப்பாடும் இந்தக் கணக்கில் வராமலேயே. கருவாட்டைச் சுடுதண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இன்னொரு தரம் அலசிப் பிறகு குழம்பில் போடுங்கள். குழம்புக்குத் தனியாக உப்பு வேண்டியிருக்காது. எண்ணெய் தலைக்கு மாதம் அரை லிட்டர் போதும். நாலு பேர் வீட்டுக்கு ரேஷன் பாமாயில் ஒரு லிட்டரும் கடையில் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஒரு லிட்டரும் வாங்கி, அதோடு மாதத்தை ஓட்டிப் பாருங்கள்.

சேர்ந்து சாப்பிடுவது

கலிஃபோர்னியாவில் குடியேறிய ஜப்பானியர்களைப் பற்றி மைக்கேல் மார்மட்டும் லியனார்ட் சைமும் 1976-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தங்கள் சமூகத்தோடும் உறவுகளோடும் நெருங்கி வாழ்ந்தவர்களுக்கு இதய நோய் ஜப்பானில் இருக்கிற அளவுக்கே குறைவாக இருந்தது. அந்தப் பழக்கங்களை முற்றிலும் விட்டவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து மடங்கு. உணவு, புகை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கிலெடுத்த பிறகும் இந்த வித்தியாசம் முழுதாகத் தீரவில்லை. யாரோடு வாழ்கிறோம் என்பதும் இதயத்தைத் தொடுகிறது என்று இதைப் படித்தபின் நான் நம்புகிறேன்.

வீட்டில் அந்த நெருக்கம் சேர்ந்து சாப்பிடுவதில் தொடங்குகிறது. வியாசர்பாடியில் அது கடினம். அப்பா நைட் டூட்டி, அம்மா வீட்டு வேலைக்கு விடியற்காலையில் போய்விடுகிறார், பிள்ளை டியூஷன் முடித்து ஒன்பதுக்கு வருகிறான். ஆளுக்கொரு நேரம் சாப்பிட்டால் ஆளுக்கொரு பாக்கெட் சிப்ஸும் சேரும். வாரத்தில் மூன்று ராத்திரியாவது எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் நேரம் ஒன்றைப் பேசி முடிவுசெய்யுங்கள். அன்று காய் கூடுதலாக வைத்தால் மிச்சமாகாது. தனியாகச் சாப்பிடுகிறவர்தான் காயை ஒதுக்குவார்.

நைட் டூட்டிக்காரர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளையும் இன்சுலினையும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். கை நடுக்கம், வியர்வை, கண் மங்கல், பேச்சுக் குழறல் வந்தால் யோசிக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடித்து, பிறகு சாப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள். ஷிப்ட் நேரத்தை மருத்துவரிடம் சொன்னால் மாத்திரை நேரத்தை மாற்றித் தருவார். பலர் இதைச் சொல்வதே இல்லை.

மாடி அறையில் இருப்பவர்களுக்கு

வடமாநிலத் தம்பிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர்கள் இந்தப் பகுதியைப் படித்து அவர்களிடம் சொன்னால் உதவியாக இருக்கும். ஒரு அடுப்பு, ஆறு பேர், பன்னிரண்டு மணி நேர வேலை. சமையல் சோறும் உருளைக்கிழங்கும் என்று சுருங்கிவிடுகிறது. பருப்புகூட நீர்த்துப்போகிறது. பீகாரில் வயலுக்குப் போகிறவர் சத்து மாவைத் தண்ணீரில் கரைத்து, வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை, உப்பு சேர்த்துக் குடிப்பார். வறுத்த கடலையை அரைத்த மாவு அது. இங்கே பொட்டுக்கடலையை அரைத்தால் கிட்டத்தட்ட அதே பொருள் கிடைக்கும், அடுப்பே வேண்டாம். காலை வேலைக்குப் போகுமுன் நாலு கரண்டி மாவு கரைத்துக் குடித்தால் டீயும் பன்னும் தின்று வேலைக்குப் போவதைவிட எவ்வளவோ மேல்.

ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020-இல் சேர்ந்தது. சொந்த மாநிலத்தில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அட்டை இருந்தால், ஆதார் இணைத்திருந்தால், இங்குள்ள ரேஷன் கடையிலும் தானியம் வாங்கலாம். அட்டை எண்ணும் ஆதாரும் எடுத்துப்போக வேண்டும், விரல் ரேகை வைக்க வேண்டும். ஊரில் குடும்பம் தன் பங்கை வாங்கிக்கொள்ளும்போது இவர் தன் பங்கை மட்டும் இங்கே வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

அளந்து பாருங்கள்

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் ஐசிஎம்ஆர் ஆய்வு கணக்கிட்டது. வந்தது தெரியாமலே இருப்பவர்கள் அதில் நிறைய. வயிற்றுச் சுற்றளவைப் பார்க்கத் தையல்காரரின் டேப் போதும். தொப்புளுக்குச் சற்று மேலே, மூச்சை விட்டபின் அளந்தால் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது. ஒல்லியாக இருக்கிறேன் என்று தைரியம் கொள்ள வேண்டாம். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது. முப்பது வயதுக்கு மேல் வருஷம் ஒருமுறை வெறும் வயிற்றில் சர்க்கரை பாருங்கள். 126-ஐத் தொட்டால் இன்னொரு தரம் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டினாலும் அப்படியே. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டுக்கும் காசு இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். சிக்கல் பெரிதானால் ராயபுரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது.

நடக்கச் சொன்னால், "லாரி போற ரோட்ல எங்க நடக்கறது" என்று கேட்பார்கள். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் மாலையில் நடப்பது ஆபத்து என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானங்கள் விடியற்காலையில் காலியாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஆறு மணிக்குப் போய் அரை மணி நேரம் சுற்றுங்கள்.

ஊருக்குப் போகும்போது

திருவிழாவுக்கோ காரியத்துக்கோ ஊருக்குப் போகிறவர்கள் மாத்திரையை மறந்துவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. பத்து நாள் பயணத்துக்குப் பதினைந்து நாள் மாத்திரை வையுங்கள்; சீட்டை போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் அறுப்புக்கோ வேறு வயல் வேலைக்கோ இறங்குவதாக இருந்தால் சர்க்கரை வழக்கத்தைவிட இறங்கலாம். மடியில் ஒரு கைப்பிடி சர்க்கரையோ நாலு மிட்டாயோ இருக்கட்டும். திரும்பி வரும்போது அக்கா கொடுத்தனுப்பும் அரிசி மூட்டையோடு கொள்ளு, தட்டைப்பயறு, கேழ்வரகு, முருங்கை விதை என்று கேட்டு வாங்குங்கள். அரிசி இங்கே ரேஷனில் கிடைக்கும், மற்றவை கடையில் விலை.